வீடில்லாதவர்களோடு ஐந்து நாட்கள்
நம் பிள்ளைகள் போய் வந்த சேவைப் பயணமும், அது நம்மைக் கேட்ட கேள்வியும்



சில மாதங்களுக்கு முன் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். "எம் பொண்ணை காலேஜ்ல இருந்து மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். பிளாட்பாரத்துல படுத்துக் கிடக்கிறவங்களுக்குச் சேவை செய்யப் போறாங்களாம். படிக்க அனுப்புனா இதெல்லாம் எதுக்கு? அனுப்பலாமா, வேணாமா?"

ஆளுக்கொன்று சொன்னோம். "வயசுப் பொண்ணு, ராத்திரியில ரோட்டுல எதுக்குச் சுத்தணும்?" என்றார் ஒருவர். "அவங்க எல்லாம் குடிகாரங்க, சோம்பேறிங்க. அவங்களுக்கு என்ன சேவை?" என்றார் இன்னொருவர். கடைசியில் கூட்டமைப்புத் தலைவி கல்லூரிக்கே போய் விசாரித்து வந்தார். பெண் ஆசிரியர்கள் கூட வருகிறார்கள், தங்க நல்ல இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பெண் போனாள். நம் குழுக்களைச் சேர்ந்த இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள்.

போய் வந்தவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துப் பேச வைத்தோம். அவர்கள் சொன்னது, நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டது இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்குக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

யார் அழைத்துப் போகிறார்கள்?

கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் 'என்.எஸ்.எஸ்.' என்று சொல்வார்கள். காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கினார்கள். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது இதன் குறிக்கோள். இதில் சேரும் மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் என இரண்டு வருடம் சேவை செய்ய வேண்டும். 7 நாள் முகாம் ஒன்றும் உண்டு. நம் ஊருக்கு வந்து கோயில் குளம் தூர் வாரி, மரக்கன்று நட்டுப் போனார்களே, அது இந்த முகாம்தான்.

இந்த முறை கிராம முகாம் முடிந்த பிறகு, விருப்பப்பட்ட மாணவர்களை மட்டும் 5 நாள் சென்னைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மாணவிகள் பகலில் பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் வேலை செய்தார்கள். ஒரே ஒரு இரவு மட்டும் எல்லோரும் ஆசிரியர்களோடும் காப்பகப் பணியாளர்களோடும் தெருவில் நடந்து பார்த்தார்கள்.

வீடில்லாதவர் என்றால் யார்?

வாடகை வீட்டில் இருப்பவர், குடிசையில் இருப்பவர் எல்லாம் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் வெட்டவெளியில் வாழ்பவர்களே வீடில்லாதவர்கள்.

வீடு இருந்தால் கதவைத் தட்டிக் கணக்கெடுக்கலாம். வீடே இல்லாதவர்களை எப்படி எண்ணுவது? அதனால் 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவை இதற்கென்றே ஒதுக்கி, அவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கே போய் எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் 9 லட்சத்து 38 ஆயிரம் பேர் நகரங்களில் இருந்தார்கள். மற்றவர்கள் கிராமப்புறங்களில்! "நம்ம ஊர்ல அப்படி யாரு இருக்கா?" என்று கேட்காதீர்கள். பேருந்து நிறுத்தத்திலும் கோயில் வாசலிலும் படுத்திருப்பவர்களை நாம்தான் எண்ணாமல் கடந்து போகிறோம்.

சோம்பேறிகளா?

பிள்ளைகள் அந்த ஒரு இரவில் பார்த்ததைச் சொன்னார்கள். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள். கொசுவலை கட்டி, பிள்ளைகளை நடுவில் போட்டு, பாத்திரங்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். அதிகாலையில் கடைக்காரர் வந்து கதவைத் திறப்பதற்குள் எழுந்து, கூட்டிப் பெருக்கி, சுருட்டி வைத்துவிட வேண்டும்.

விடிந்ததும் வேலைக்குப் போகிறார்கள். மூட்டை தூக்குகிறார்கள். மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள். பெண்கள் பூ கட்டி விற்கிறார்கள், கல்யாணச் சமையலில் பாத்திரம் கழுவுகிறார்கள், நாலு வீட்டில் வேலை செய்கிறார்கள். குளிக்கவும் கழிப்பறைக்கும் காசு கொடுக்க வேண்டும். சமைக்க இடம் இல்லாததால் சாப்பாட்டையும் வெளியில்தான் வாங்க வேண்டும். வீடு இல்லாதவருக்குச் செலவு குறைவு என்று நினைத்தோம். பிள்ளைகள் கணக்குப் போட்டுக் காட்டியபோது நம்மைவிட அதிகமாக இருந்தது.

ஒரு மாணவி சொன்னாள்: "அங்க நெறைய பொம்பளைங்க ராத்திரியில தூங்கவே மாட்டாங்களாம். யாராவது பக்கத்துல வந்துடுவாங்களோன்னு பயமாம். பகல்ல பூங்காவுல உக்காந்து தூங்குவாங்க. அதைப் பாத்துட்டுத்தான் நாம சோம்பேறின்னு சொல்றோம்."

இந்தச் சொல்லைக் கேட்டபோது, அன்று "சோம்பேறிங்க" என்று சொன்ன நம் சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஒருவர் மட்டும் அல்ல, நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம்.

காப்பகம் எப்படி நடக்கிறது?

குளிரிலும் பட்டினியிலும் தெருவில் மக்கள் இறப்பது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. உணவு உரிமை வழக்கில் 2010-ல் நீதிமன்றம், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வீதம் அமைக்கச் சொன்னது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்திலும் இதைச் சேர்த்தார்கள். ஒரு காப்பகத்தில் 100 பேர் தங்கலாம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும், இரவு மட்டும் இல்லாமல் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று அதன் விதிகள் சொல்லின.

சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து காப்பகங்களை நடத்துகிறது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு எனத் தனித்தனியாக இருக்கின்றன. வெளியூரிலிருந்து அரசு மருத்துவமனைக்கு நோயாளியைக் கூட்டிவந்து, தங்க இடமில்லாமல் தவிக்கும் உறவினர்களுக்கும் காப்பகம் உண்டு. நம் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் படுக்க வேண்டாம், அங்கே விசாரியுங்கள்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

போவதற்கு முன்பே இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் சொன்ன விதிகள் இவை:

• தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. அவர் படுத்திருக்கும் இடம் அவருக்கு வீடு. செருப்புக் காலோடு பாயை மிதிக்கக் கூடாது.
• போட்டோ எடுக்கக் கூடாது. யாரும் தன் கஷ்டகாலத்தை ஊர் பார்க்க விரும்ப மாட்டார்கள்.
• பெயரைக் கேட்டு, பெயரையோ முறையையோ சொல்லிக் கூப்பிட வேண்டும்.
• "ஏன் இப்படி ஆனீங்க?" என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.
• காசு கொடுக்கக் கூடாது. ஒருவருக்குக் கொடுத்தால் பத்துப் பேருக்கு மனக்கஷ்டம்.
• "மறுபடி வருவேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று செய்ய முடியாத வாக்குக் கொடுக்கக் கூடாது.

காப்பகத்தில் செய்த வேலை பெரிய வேலை ஒன்றும் இல்லை. காய் நறுக்கினார்கள், போர்வை துவைத்தார்கள், நகம் வெட்டிவிட்டார்கள், தலை வாரிப் பின்னினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வரிசையில் நின்றார்கள். இரண்டு நாள் முழுக்க விண்ணப்பம் எழுதினார்கள்.

இந்த விண்ணப்ப வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகவரி இல்லாதவருக்கு அட்டை எதுவும் கிடையாது, அட்டை இல்லாதவருக்கு உதவித்தொகை கிடையாது. ஆனால் வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். வாக்காளர் பட்டியலில் சேரவும் வீடில்லாதவர்களுக்கு முகவரிச் சான்று கேட்பதில்லை. வாக்குச்சாவடி அலுவலர் இரவில் ஒரு முறைக்கு மேல் நேரில் போய், அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த விஷயம் பல பேருக்குத் தெரியவே இல்லையாம்.

ஐந்து நாளில் எதையும் மாற்றிவிட முடியாது என்பதை ஆசிரியர்களே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல ஆரம்பம் எங்கிருந்தும் வரலாம். 1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இருபதுகளில் இருந்த இரண்டு பெண்கள், மனநலம் பாதித்துத் தெருவில் அலைந்த ஒரு பெண்ணுக்கு உதவப் போனார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ள சரியான இடம் கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர்களே தொடங்கியதுதான் 'தி பான்யன்' என்ற நிறுவனம். தெருவில் அலைந்த எத்தனையோ பெண்கள் அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அந்த ஆயா சொன்னது

காப்பகத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஆயா இருந்தார். எந்த ஊர் என்று கேட்டால் ஒரு நாள் ஒரு ஊரைச் சொல்வார், மறுநாள் வேறு ஊரைச் சொல்வார். நான்காம் நாள் நம் உறுப்பினரின் மகள் அவருக்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதினாள். கைநாட்டு வைக்க மைப் பெட்டியை எடுத்தபோது ஆயா கையைத் தள்ளிவிட்டார்.

"எனக்குக் கையெழுத்துத் தெரியும். பேனாவைக் குடு."

நிதானமாக, எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினார்.

"எங்க ஆயா கத்துக்கிட்டீங்க?"

"குழுவுலதான். நானும் குழுவுல இருந்தவதான்."

அதன் பிறகு அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வீட்டுக்காரர் வைத்தியத்துக்குக் குழுவில் கடன் வாங்கியிருக்கிறார். வீட்டுக்காரர் பிழைக்கவில்லை. மூன்று தவணை நின்றுபோனது. குழுப் பெண்கள் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். மாலை வரைக்கும் எழவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. அன்று ராத்திரி பஸ் ஏறியவர்தான்.

"அவுங்க மேல தப்பு இல்ல பாப்பா. அவுங்களும் கட்டணுமில்ல? எனக்குத்தான் மறுநாள் அந்த மூஞ்சிங்களைப் பார்க்க முடியல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாராம்.

அந்தப் பெண்ணுக்கு ஆயாவை எப்படியாவது ஊருக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று துடிப்பு. காப்பகப் பொறுப்பாளர் தடுத்துவிட்டார். "முதல்ல அவங்களைக் கேளுமா. அவங்க போறேன்னு சொன்னா நாங்களே ஆளை அனுப்பி விசாரிச்சு, பேசி, கொண்டுபோய் விடுவோம். வேணாம்னு சொன்னா விட்டுடணும். உன் மனசு ஆறணும்னு அவங்களை இழுத்துக்கிட்டுப் போகக் கூடாது." கேட்டார்கள். ஆயா வேண்டாம் என்றார். அதனால் அவர் பெயரையும் அவர் சொன்ன ஊர்களையும் நாங்களும் கேட்கவில்லை, இங்கே எழுதவும் இல்லை.

நம்மைக் கேட்ட கேள்வி

இதைச் சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, தவணை கட்டாதவங்க வீட்டு வாசல்ல நீங்களும் போய் உக்காந்திருக்கீங்கதானே?"

யாரும் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கிறோம். ஒரு முறை இல்லை, பல முறை.

அன்று சாயங்காலம் நம் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தோம். ஒரு குழுவின் வருகைப் பதிவேட்டில் ஒரு உறுப்பினரின் பெயரைச் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் 'ஊரில் இல்லை' என்று எழுதியிருக்கிறது. எழுதியது நாம்தான். அவர் எங்கே போனார், சாப்பிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்று அதற்கு அப்புறம் யாரும் கேட்கவில்லை. பாக்கியை மற்ற உறுப்பினர்கள் பங்கு போட்டுக் கட்டினோம். அந்தக் கோபம் மட்டும் நமக்கு ஞாபகம் இருந்தது.

கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதுதான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் பதினைந்து பேருக்கும் பாதிப்பு. ஆனால் கட்ட முடியாதவருக்கும் கட்ட மனமில்லாதவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியான நமக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் இரண்டு பேருக்கும் ஒரே வழியைக் கையாண்டோம்.

அந்த உறுப்பினரின் தங்கை வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். இதுவரை தகவல் இல்லை.

கூட்டமைப்பில் எடுத்த தீர்மானங்கள்

1. எந்த உறுப்பினர் வீட்டு வாசலிலும் வசூலுக்காகக் கூட்டமாகப் போய் உட்காருவதில்லை. ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் மட்டும் போய், உள்ளே உட்கார்ந்து, தனியாகப் பேச வேண்டும்.
2. சாவு, நோய், வேலை இழப்பு என்று காரணம் இருந்தால், உள்கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டித் தீர்மானம் எழுத வேண்டும். வங்கிக் கடனாக இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே குழு எழுத்து மூலம் வங்கி மேலாளரிடம் தெரிவிக்க வேண்டும்.
3. வைத்தியத்துக்குக் கடன் கேட்டு வருபவரிடம் முதலில், முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துக்கொடுக்க உதவ வேண்டும்.
4. இரண்டு கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத உறுப்பினரை, பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

தெரிந்து வைத்துக்கொள்வோம்

பெற்றோரைக் கைவிட்டால்: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம், மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிட இந்தச் சட்டம் வழி செய்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, அதன்படி கவனிக்காவிட்டால், எழுதிக்கொடுத்ததை ரத்து செய்யவும் கேட்கலாம். எனவே எழுதிக்கொடுக்கும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுத வையுங்கள்.

மனநலம் பாதித்தவர் தெருவில் அலைந்தால்: கல்லால் அடிப்பதோ, பஸ் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதோ பாவம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைபவரைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

போன் எண்கள்: முதியவர்களுக்கு 14567. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. மனநல ஆலோசனைக்கு 14416. ஆம்புலன்ஸ் 108. கூட்டம் நடக்கும் இடத்தில் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

பிள்ளைகளை அனுப்பலாமா?

அன்று கேட்ட கேள்விக்கு வருவோம். அனுப்பலாம். ஆனால் விசாரித்துவிட்டு அனுப்புங்கள். ஆசிரியர்கள் கூட வருகிறார்களா, எங்கே தங்குகிறார்கள், முன்பே பயிற்சி கொடுத்தார்களா, போட்டோவுக்காகப் போகிறார்களா வேலைக்காகப் போகிறார்களா என்று கேளுங்கள். இரவு வெளியே போவதாக இருந்தால் யாரோடு, எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். அம்மா கேட்டால் கல்லூரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போய் வந்த பிறகு பிள்ளைகளிடம் என்ன பார்த்தாய் என்றும் கேளுங்கள். பதில் சில சமயம் நமக்குச் சுடும். பரவாயில்லை.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை:

• உங்கள் குழுப் பதிவேட்டில் 'ஊரில் இல்லை' என்று எழுதிய பெயர் இருக்கிறதா? அவர் எங்கே என்று யாருக்காவது தெரியுமா?
• உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில், கோயில் மண்டபத்தில் இரவு தங்குபவர் யார்? அவர் பெயர் என்ன?
• இந்த மாதம் கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டுக்கு யார் போகப் போகிறீர்கள்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள்.